பதிவு போட்டாச்சு... அது எங்கே இருக்கிறது?

ஒரு சின்னச் சோதனை. கைப்பேசியை எடுங்கள். 2016-ஆம் ஆண்டு தீபாவளிக்கு முகநூலில் என்ன எழுதினீர்கள் என்று தேடிப் பாருங்கள். தள்ளித் தள்ளி விரல் வலிக்கும். நடுவில் யாரோ ஒருவரின் கல்யாணப் படம் வரும், அதில் நின்றுவிடுவீர்கள். ஐந்து நிமிடத்தில் எதைத் தேடி வந்தோம் என்பதே மறந்துபோகும்.

இப்போது வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய ஆல்பத்தை எடுங்கள். 1986-இல் எடுத்த படம் இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடும். படத்தின் பின்பக்கம் அப்பா பேனாவால் தேதியும் ஊரும் எழுதி வைத்திருப்பார்.

வானொலியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பேசிய சொல் காற்றோடு போய்விடும். யாராவது அதைப் பதிவு செய்து, தேதி போட்டு, எடுத்து வைத்தால்தான் அது இருக்கும். எழுத்து அப்படியில்லை, எழுதியது நிற்கும் என்று நினைக்கிறோம். சமூக ஊடகத்தில் எழுதுவது நிற்கிறதா? இந்த வாரம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

பாயான் பாருவில் எங்கள் நிகழ்ச்சியை நெடுநாளாகக் கேட்டு வரும் ஓர் அம்மா இருக்கிறார். வயது அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எழுபதுகளில் கெடாவில் ஒரு தோட்டத்திலிருந்து கிளம்பி வந்து, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். 1972-இல் அந்தத் தொழிற்பேட்டை தொடங்கிய பிறகு நம் பெண்கள் எத்தனையோ பேர் இப்படித்தான் பினாங்குக்கு வந்தார்கள். விடியற்காலைத் தொழிற்சாலைப் பேருந்து, ஒரே வீட்டில் பத்துப் பெண்கள் வாடகைக்கு இருந்தது, முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு வாங்கிய சேலை, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துக் கண் வலித்தது என்று ஒன்பது ஆண்டுகளாகச் சமூக ஊடகக் கணக்கு ஒன்றில் எழுதி வந்தார். மகள்தான் தமிழில் தட்டச்சுச் செய்யக் கற்றுக் கொடுத்தாள்.

ஒரு நாள் அந்தக் கணக்கை யாரோ கைப்பற்றிவிட்டார்கள். பெயர் மாறியது, படம் மாறியது, ஏதேதோ விளம்பரம் வந்தது. உறவினர்கள் புகார் செய்தார்கள். கணக்கு முடக்கப்பட்டது. திருடன் போனான், அவனோடு ஒன்பது ஆண்டு எழுத்தும் போனது.

"ஏம்மா, எழுதினது நான். அதைத் திருப்பிக் குடுங்கன்னு இப்ப யார்கிட்ட போய்க் கேக்கிறது?" என்று தொலைபேசியில் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஊரே காலியான கதை

ஒருவர் கணக்கு போவது தனிப்பட்ட துயரம். ஓர் ஊரே காலியாவதும் உண்டு. முப்பதைத் தாண்டியவர்களுக்கு பிரண்ட்ஸ்டர் ஞாபகம் இருக்கும். முகநூலுக்கு முன்னால் மலேசிய இளைஞர்கள் கூடிய இடம் அதுதான். 2009-ஆம் ஆண்டு இறுதியில் அதை வாங்கியது நம் நாட்டு நிறுவனமான எம்.ஓ.எல். குளோபல். 2011 ஏப்ரலில் ஓர் அறிவிப்பு வந்தது. தளம் விளையாட்டுத் தளமாக மாறப் போகிறது. மே மாத இறுதிக்குப் பிறகு பழைய படங்கள், செய்திகள், நண்பர்கள் எழுதிய பாராட்டுரைகள், வலைப்பதிவுகள் எல்லாம் அழிக்கப்படும். வேண்டியவர்கள் அதற்குள் எடுத்துக்கொள்ளலாம். கிடைத்த அவகாசம் ஏறக்குறைய ஒரு மாதம். அந்த நேரத்தில் பெரும்பாலோர் முகநூலுக்குக் குடிபெயர்ந்துவிட்டோம். பழைய கடவுச்சொல் யாருக்கு ஞாபகம்? கல்லூரிக் காலப் படங்கள் பலருக்கு அப்படியே போயின.

யாஹூவின் ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. ஆர்குட் 2014 செப்டம்பரில். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்பட 59 செயலிகளைத் தடை செய்தது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்துகொண்டு அந்த ஒரு செயலியை மட்டும் நம்பிக் கூட்டம் சேர்த்திருந்தவர்கள், மறுநாள் ரசிகர்களே இல்லாமல் எழுந்தார்கள். அதன் நியாய அநியாயம் வேறு கதை. சேர்த்த கூட்டத்தை வேறு இடத்துக்கு அழைத்துப் போக அவர்களிடம் ஒரு முகவரி இல்லை என்பதுதான் இங்கே நமக்குப் பாடம்.

சொந்த இணையத்தளம் வைத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டால், ஆகாது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு, பத்தாண்டு கழித்துத் திறக்கவே இல்லை. ஆக, வலைப்பதிவு தொடங்குவது பாதி வேலை. பராமரிப்பது மீதிப் பாதி.

எதற்கு இரண்டும்?

அப்படியானால் சமூக ஊடகத்தை விட்டுவிடலாமா? கூடவே கூடாது. மக்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஈப்போவில் இருக்கும் அத்தையும் சிங்கப்பூரில் இருக்கும் தம்பியும் உங்கள் அகப்பக்கத்தைத் தேடிக்கொண்டு தினமும் வரப்போவதில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் எவ்வளவு கூட்டம் என்பதை அந்த நிமிடமே சொல்ல முகநூலும் இன்ஸ்டாகிராமும் போதும். வேலை தேடுகிற இளைஞருக்கு லிங்க்ட்இன் தேவை.

நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான். பத்து ஆண்டு கழித்தும் இருக்க வேண்டும் என்று நினைக்கும் எழுத்தை முதலில் உங்கள் சொந்த முகவரியில் போடுங்கள். பிறகு அங்கிருந்து எடுத்து மற்ற இடங்களுக்குக் கொடுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பந்தியில் பரிமாறுவதற்கு முன் சமையல் வீட்டில்தானே நடக்கிறது!

இது வெறும் ஆசை இல்லை; செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். ஜெஃப் ஊய் 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' என்ற வலைப்பதிவை எழுதிக்கொண்டிருந்தவர். 2008 மார்ச் பொதுத்தேர்தலில் அவர் நம் பக்கத்துத் தொகுதியான ஜெலுத்தோங்கின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். அவர் கட்சி நமக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். தனி ஆள் ஒருவர் தன் முகவரியில் விடாமல் எழுதினால் நாடு அவரைத் திரும்பிப் பார்க்கும் என்பது அன்று தெரிந்தது.

தமிழில் எழுத்தாளர் ஜெயமோகன் மகாபாரதத்தை 'வெண்முரசு' என்ற பெயரில் 2014 ஜனவரி முதல் நாளிலிருந்து தம் இணையத்தளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதி, 2020-இல் 26 நாவல்களாக முடித்தார். பத்திரிகைத் தொடரில் இடம் கேட்டுக் காத்திருந்தால் அவ்வளவு நீளமான தொடர் சாத்தியமா? முகநூலில் எழுதியிருந்தால் இன்று முதல் அத்தியாயத்தைத் தேடி எடுக்க முடியுமா?

மதுரைத் திட்டத்தையும் பாருங்கள். 1998 பொங்கல் நாளில் சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய தன்னார்வ முயற்சி. உலகமெங்கும் இருக்கும் தமிழர்கள் பழைய நூல்களைத் தட்டச்சுச் செய்து கொடுத்தார்கள். தொடங்கிய காலத்தில் யூனிகோடு புழக்கத்தில் இல்லை. அன்றைய எழுத்துமுறை வேறு. காலம் மாறியபோது கோப்புகளையும் யூனிகோடுக்கு மாற்றினார்கள். கால் நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த நூல்கள் படிக்கக் கிடைக்கின்றன. அங்கே அலங்காரம் எதுவும் கிடையாது. எளிய கோப்புகள், பலரிடம் பிரதிகள், அவ்வப்போது பராமரிப்பு. இந்த மூன்றும்தான் காப்பாற்றின.

நம் மண்ணுக்கும் இது பொருந்தும். 1887-இல் சிங்கப்பூரில் தொடங்கிய 'சிங்கை நேசன்' இதழை இன்றும் ஆய்வாளர்கள் படிக்க முடிகிறது. காரணம், அதன் பிரதிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் இருந்தன. பிரதி எடுத்து வைக்க ஆளில்லாத பல தமிழ் இதழ்கள் இங்கே வந்த வேகத்தில் மறைந்தன. தொழிற்சாலைப் பேருந்தில் போன பெண்களின் கதையும் அந்தக் கணக்கில் சேர வேண்டுமா?

தொடங்குவது எப்படி?

முதலில் பெயர். உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். 'மின்னல்', 'தென்றல்' என்று வைத்தால் அதே பெயரில் ஏற்கெனவே நாலு பேர் இருப்பார்கள். உங்கள் பெயரோடு ஊர்ப் பெயரையோ குடும்பப் பெயரையோ சேர்க்கலாம். முகநூல், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாவற்றிலும் அதே பெயரையும் அதே படத்தையும் வையுங்கள். தேடுகிறவர் குழம்பக் கூடாது.

இரண்டாவது, இடம். கூகுளின் பிளாக்கர், வேர்ட்பிரஸ் டாட் காம் இரண்டிலும் இலவசமாகத் தொடங்கலாம். இலவசம் என்றால் முகவரியின் பின்னால் அவர்கள் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். பழகிப் பார்க்க அது போதும். நாலு மாதம் விடாமல் எழுதிய பிறகு சொந்த முகவரி வாங்குங்கள். டாட் காம் முகவரிக்கு ஆண்டுக்கு 50, 60 ரிங்கிட் அளவில் ஆகும். மாதக் கணக்கில் பார்த்தால் ஒரு ரொட்டி சானாயும் தே தாரிக்கும். பிளாக்கரில் அந்த முகவரியைக் கூடுதல் கட்டணமில்லாமல் இணைத்துக்கொள்ளலாம். வேர்ட்பிரஸ் டாட் காமில் அதற்குக் கட்டணத் திட்டம் தேவை. சொந்த முகவரியின் பயன் என்ன? நாளைக்கு பிளாக்கரே மூடப்பட்டாலும் எழுத்தை வேறு இடத்துக்கு மாற்றி, அதே முகவரியில் திறக்கலாம். வாசகருக்கு வீடு மாறியதே தெரியாது.

மூன்றாவது, பொருள். 'எல்லாவற்றையும் பற்றி எழுதுவேன்' என்று தொடங்குகிறவர்கள் மூன்றாவது வாரம் எதைப் பற்றி எழுதுவது என்று விழிப்பார்கள். இரண்டு பொருள் போதும். ஒன்று வேலை சார்ந்தது, ஒன்று மனம் சார்ந்தது. பாயான் லெப்பாஸில் வேலை செய்யும் பொறியாளர் ஒருவர், படித்து முடித்து வரும் பிள்ளைகளுக்கு நேர்காணல் பற்றியும் வேலையிட நடைமுறை பற்றியும் தமிழில் எழுதலாம். கூடவே பாட்டி செய்த மீன் சம்பால் பற்றியும் எழுதலாம். நிறுவன ரகசியத்தை மட்டும் தொடாதீர்கள். வேலை ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுங்கள்.

தமிழில் தட்டச்சுத் தெரியாது என்பது இன்று சாக்கு அல்ல. நம் நாட்டு முத்து நெடுமாறன் 1980-களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கிக் கணினியில் தமிழைக் கொண்டுவந்தவர். இன்று கைப்பேசியில் பேசினாலே எழுத்தாகிறது. பேசிவிட்டு, பிழை திருத்திப் போடுங்கள்.

பராமரிப்பது எப்படி?

வாரம் ஒன்று என்று சபதம் எடுக்க வேண்டாம். மாதம் இரண்டு போதும். நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஞாயிறு, மூன்றாம் ஞாயிறு என்று வைத்தால் ஓர் ஆண்டில் 24 பதிவுகள். ஐந்து ஆண்டில் 120. அது ஒரு புத்தகம்.

பதிவைப் போட்டதும் முகநூலுக்குக் கொண்டு போங்கள். வெறும் இணைப்பை மட்டும் ஒட்டினால் யாரும் தொடமாட்டார்கள். முதல் இரண்டு பத்தியை அங்கேயே எழுதி, முழுவதும் படிக்க இணைப்புக் கொடுங்கள். இன்ஸ்டாகிராமுக்கு ஒரு படமும் நாலு வரியும். குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு முழு இணைப்பு. ஒரே எழுத்து, மூன்று உடை.

கருத்துகள் பெரும்பாலும் முகநூலில்தான் வரும். "அந்தப் பேருந்தில் நானும் வந்தேன், ஓட்டுநர் பெயர் இன்னது" என்று ஒருவர் எழுதினால் அது தங்கம். அவரிடம் கேட்டுவிட்டு உங்கள் பதிவின் அடியில் அதைச் சேர்த்துவிடுங்கள்.

படங்களைச் சமூக ஊடகத்தில் ஏற்றினால் அளவு சுருங்கும். மூலப் படத்தைத் தனியாக வையுங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு என்று படத்தின் கீழே எழுதுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் பத்து நிமிடம் அவர்கள் பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்து சேர்த்துவிடுங்கள். வானொலிக்காரி சொல்கிறேன், பத்திரமாக இருக்கும் குரலுக்கு விலையே கிடையாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரதி எடுங்கள். பிளாக்கரிலும் வேர்ட்பிரஸிலும் எல்லாப் பதிவுகளையும் மொத்தமாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. முகநூலிலும் உங்கள் தகவல்களை இறக்கிக்கொள்ளலாம். தமிழில் எழுதுகிறவர்கள் அங்கே எச்.டி.எம்.எல். வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜேசன் வடிவத்தில் தமிழ் எழுத்துகள் குறிகளாக மாறி, படிக்க முடியாமல் போவதுண்டு. எடுத்த பிரதி ஒன்று கணினியில், ஒன்று வெளியே ஒரு வன்தட்டில். முக்கியமான பதிவுகளின் முகவரியை இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினிலும் கொடுத்துச் சேமிக்கலாம். அதற்குக் காசு கிடையாது.

கணக்குகளுக்கு இரட்டைச் சரிபார்ப்புப் போடுங்கள். கடவுச்சொல் மட்டும் இருந்தால் போதாது. கைப்பேசிக்கு வரும் எண்ணும் கேட்கட்டும். அந்த எண்ணை யார் கேட்டாலும், உறவினர் பெயரில் செய்தி வந்தாலும், கொடுக்காதீர்கள். பாயான் பாரு அம்மாவின் கணக்கு போனது இப்படி ஓர் எண்ணைச் சொன்னதால்தான்.

நல்ல சேதியும் உண்டு. மகள் அவ்வப்போது அம்மாவின் பதிவுகளைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒட்டியிருந்தாள். தேடியதில் நாற்பதுக்குக் கொஞ்சம் அதிகமாகக் கிடைத்தன. அவை இப்போது தேதியோடு ஒரு வலைப்பதிவில் இருக்கின்றன. மற்றவற்றை அம்மா ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதுகிறார். "முன்ன எழுதினது மாதிரி வரலம்மா" என்கிறார். வராதுதான்.

கவனம் வேண்டிய இடங்கள்

சொந்த முகவரி என்றால் பொறுப்பும் சொந்தம். 1998-ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் வலைப்பதிவுக்கும் பொருந்தும். 2007 ஜனவரியில் ஜெஃப் ஊய் மீதும் அகிருடின் அத்தான் என்ற மற்றொரு வலைப்பதிவர் மீதும் நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் தரப்பு அவதூறு வழக்குத் தொடுத்தது. கோபத்தில் எழுதியதை ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் பசியாறிய பிறகு படித்துப் பார்த்துப் போடுங்கள். அடையாள அட்டை எண், வீட்டு முகவரி, பிள்ளைகளின் பள்ளிச் சீருடைப் படம் வேண்டாம். உறவினர் கதையை எழுதும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத ஒன்று. நமக்குப் பிறகு? முகவரிக்கு ஆண்டுக் கட்டணம் கட்டாவிட்டால் அது கைவிட்டுப் போகும். வேறு யாராவது வாங்கிக்கொள்ளவும் முடியும். 2016-இல் மறைந்த ரெ.கார்த்திகேசு ஐயா வானொலியில் பணியாற்றி, பின்னர் இதே பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் ஊடகம் கற்பித்தவர். நாவலாசிரியர். இணையத்தில் தமிழ் எழுத முன்வந்த மூத்தவர்களில் ஒருவர். அவர் நாவல்கள் அச்சில் இருப்பதால் நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம். நம்மைப் போன்றவர்களின் எழுத்துக்கு அச்சும் இல்லை, நூலகமும் இல்லை. ஆகவே முகவரி எங்கே வாங்கியது, எந்த மின்னஞ்சலில், எப்போது கட்டணம், கடவுச்சொல் எங்கே என்று ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பிள்ளைகளில் ஒருவரிடம் சொல்லியும் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை நல்ல பதிவுகளை அச்செடுத்து, பக்கத்துக் கடையில் கொடுத்துக் கட்டி வைத்தால் இன்னும் நல்லது.

இந்த ஞாயிறு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முகநூலில் நீங்கள் எழுதியதில், போனால் மனசு வலிக்கும் என்று தோன்றும் பத்தை மட்டும் எடுங்கள். ஒரு வலைப்பதிவு திறந்து, எழுதிய தேதியோடு ஒவ்வொன்றாகப் போடுங்கள். முகவரி தயாரானதும் இந்தப் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள். முதல் வாசகியாக நான் வந்து படிக்கிறேன்.